பதினோரு தட்டுச் சீர்

புலாவ் செபாங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள புவனேந்திரன் அண்ணனுக்கு, தங்கை ராகினி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். பெர்த்தில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? பாதிப் பேச்சிலேயே போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் எண்பதாம் கல்யாணம் கோயில் மண்டபத்தில்தான். மாப்பிள்ளை இப்போதே மீசைக்கு மை பூசிப் பார்த்து மூக்கிலும் பூசிக்கொண்டார்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அம்மா சீனக் குழந்தை, ஆறு வயதில் மலாக்கா டவுனில் ஒரு தவுக்கே முதலாளி வீட்டுக்கு வேலைக்குக் கொடுக்கப்பட்டவர், பிறகு அப்பாவைக் கைப்பிடித்து நம் குடும்பத்துக்கு வந்தவர் என்பது நமக்குத் தெரியும். தெரியாததை இப்போதுதான் சொன்னார். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் காப்பாற்ற வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தானாம். அதிகாரி வந்தபோது தவுக்கேயின் மனைவி அம்மாவை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து, புதுச்சட்டை மாட்டி, இவள் வேலைக்காரி இல்லை, எங்கள் வளர்ப்பு மகள் என்றாராம். அம்மாவும் சொல்லிக்கொடுத்தபடி ஆமாம் என்றாராம். அதிகாரி நம்பி, அந்த வீட்டாரையே காப்பாளர்களாகப் பதிந்துவிட்டுப் போனாராம். கார் திரும்பியதும் சட்டை பெட்டிக்குள், அம்மா அடுப்படிக்குள்.

அறுபதாம் கல்யாணத்துக்கு நாமே கடையில் சேலை வாங்கி, பிறந்த வீட்டுச் சீர் என்று தட்டில் வைத்தோமே. பெத்தம்மாள் அத்தை, இவளுக்குப் பொறந்த வூடு ஜவுளிக்கடை தானா லா என்று எல்லார் முன்னாலும் கேட்டதும், அம்மா சிரித்துச் சமாளித்ததும் நினைவிருக்கிறதா? எனக்கு இன்னும் எரிகிறது.

இந்த முறை என்னைக் காரை எடுக்கச் சொல்லி அம்மா நேரே அந்த வீட்டுக்கே போனார். அங்கே இருப்பது தவுக்கேயின் மகள் சுவீ லியன். அம்மா இடுப்பில் சுமந்த குழந்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அம்மா உட்காரக்கூட இல்லை. கவர்மெண்டிடம் உன் அம்மா என்னை மகள் என்றாரே, மகளுக்குக் கல்யாணம், சீர் எங்கே என்று மலாயில் கேட்டுவிட்டார். எனக்குக் காருக்கே ஓடிவிடலாம் போலிருந்தது.

சுவீ லியன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்து, எத்தனை தட்டு அக்கா என்றார். பதினொன்று என்றார் அம்மா. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படைதான், பன்னிரண்டு என்றார் அவர். ஒற்றைப்படைதான் என்று அம்மா. மீன் சந்தை தோற்றது, போங்கள்! கடைசியில் தட்டு பதினொன்று, ஆரஞ்சு மட்டும் ஜோடி ஜோடியாக. முழுப் பன்றி வறுத்துக் கொண்டுவருகிறேன் என்று அவர் சொன்னதைத்தான் கோயில் என்று சொல்லித் தடுத்தோம். திரும்பும் வழியில் அலோர் காஜா ஊர் வரும்வரை அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

வேலைக்காரியா வச்சிருந்தவங்க கால்ல போய் விழணுமா என்று கேட்டீர்கள். அம்மா விழவில்லை அண்ணா, கேட்டு வாங்கினார். அங்கே பட்ட அடியையும் மறக்கவில்லை. அதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் காபியைக் குடித்தார்.

சீர்த்தட்டுகளை வாசலில் எதிர்கொண்டு அழைக்க மூத்த பிள்ளை நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் நிற்கிறேன் என்றார். அம்மா விடவில்லை, என் மகன் வருவான் என்று உங்களுக்கு வேட்டி எடுத்து வைத்துவிட்டார்.

இந்த வயதில் நமக்கு ஒரு சித்தி வருகிறார். வாங்க சித்தி என்று கூப்பிட வந்துவிடுங்கள், அண்ணா.

வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் தங்கை,
ராகினி