பெயர் ஒட்டாத கேன்

இன்று ஆரியங்கோட்டில் பேருந்து நின்றபோது ரப்பர் ஷீட் அடிக்கும் வீட்டிலிருந்து ஆசிட் வாடை வந்தது. உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

ரப்பர் பால் உறைய ஊற்றும் அந்த ஆசிட் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய சாமான். கையில் பட்டால் சுள்ளென்று சுடும், கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம். அந்தப் பழக்கம்தான் உன்னைக் கொன்றது. நீ வேலை பார்த்த கல்லுக்கடையில் கிரானைட்டின் துருக்கறை போக்க முதலாளி வாங்கி வைத்திருந்த கேன் உன் தொடையில் சரிந்தது. அதில் பெயர் இல்லை. நீ கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நனைந்த பேண்டோடு மாலைவரை கல் கழுவியிருக்கிறாய்.

"பாலுக்கு ஊத்துற ஆசிட்டுண்ணு நெனச்சேன் மக்கா. அதுண்ணா ஒடனே சுடும்லா? இது சுடவே இல்ல" என்றாய் ஆஸ்பத்திரியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

என்ன ஆசிட் என்று டாக்டர் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டார். "சாதா ஆசிட்டாக்கும்" என்றான் அந்தப் பாவி. அது ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். அதன் ஃபுளோரைடு தோலுக்குள் இறங்கி, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, உன் இதயத்தை நிறுத்தியது.

அந்தக் கடையின் கழிவு ஓடும் ஓடையில் சேறு எடுத்து வந்தேன். அதிலிருந்த பாக்டீரியா என் ஆய்வுக்கூடத்தில் ஃபுளோரைடு கலந்த தட்டில் செழித்து வளர்கிறது. ஃபுளோரைடு உள்ளே வந்ததை அதன் செல் உடனே உணர்கிறது. மேலுறையில் நுண்ணிய வாசல்களை அமைத்து வெளியே தள்ளிவிடுகிறது. வேறு யாராவது என்றால் அதிசயித்திருப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சேற்றுக் கிருமிக்குக்கூட வந்தது இன்னதென்று தெரிந்துவிடுகிறது. உனக்குச் சொல்ல ஒரு சீட்டு ஒட்ட அந்த முதலாளிக்குக் கை வரவில்லை.

நேற்று மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அதே மாதிரிக் கேன், உன் இடத்தில் வேறொருவர், வெறுங்கை. கேனில் சிவப்பு மார்க்கரால் ஆசிட்டின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதினேன். அந்த ஆளிடம் கால்சியம் களிம்பு ஒன்றைக் கொடுத்து, பட்டால் உடனே கழுவித் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன்.

"சாறே, வெறுதே ஆளுவள பேடிப்பிக்கண்டாம். கச்சவடம் கெட்டுப்போவும் கேட்டியளா" என்றான் முதலாளி. ஆட்களைப் பயமுறுத்தினால் அவன் வியாபாரம் கெட்டுவிடுமாம்.

"கெடட்டும்வே" என்றேன்.

மார்க்கரும் இன்னொரு களிம்பும் இப்போது என் பையில் இருக்கின்றன. வெள்ளறடையில் இறங்கப் போகிறேன். அங்கேயும் கல்லுக்கடை உண்டு.