கணு தெரியாத படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர. உன் நலமறிய ஆவல் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை ஆவலைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருக்கிறது, அதனால் அந்த வரியை எழுதவில்லை. கடிதம் வீட்டுக்கு வராமல் உன் அலுவலகத்துக்கு வந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் வீட்டு முகவரியை நான் மறந்துவிடவும் இல்லை. அது இன்னும் உன் முகவரிதானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. இதை ஃபோனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுகிறாய், பக்கத்தில் உன் அம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில் இங்கத்திய சமாச்சாரம். உன் அண்ணன் வேலை மாறியிருக்கிறான், கேட்டால் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்கிறான், அப்படி யாராவது சொன்னாலே நான் நம்ப மாட்டேன் என்று உனக்குத் தெரியும். வாசல் தொட்டியில் இருக்கும் நம் நித்திய கல்யாணியை யாரோ வெட்டிக்கொண்டு போகிறார்கள். பூவைப் பறிக்கிறவர்கள் செய்த வேலை இல்லை அது. பூக்களை விட்டுவிட்டு, நுனிக்கிளையாகப் பார்த்து, கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தரியால் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். கணுவிலிருந்துதான் வேர் வரும் என்று தெரிந்த கை. கீழ்வீட்டுத் தையல்காரர் மேல்தான் எனக்குச் சந்தேகம், இந்தக் கட்டடத்தில் அவரிடம்தான் நல்ல கத்தரி இருக்கிறது. போன வாரம் அவராகவே வந்து, ‘உங்க செடி அமோகமா இருக்கு சார்’ என்றார். கேட்காமல் பாராட்டுகிறவரை எப்படி நம்புவது? அன்றிலிருந்து ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறேன். ‘உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா, சந்தேகப் பிராணி’ என்கிறாள் உன் அம்மா.

நான் வேலை பார்க்கும் உலர்தாவரக் காப்பகத்திலும் எனக்கு அதே பெயர்தான், கொஞ்சம் மரியாதையாக. அடுத்தவர்கள் அடையாளம் சொன்ன செடிகளின் தாளில் நம்பிக்கை வராத பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுப் போட்டு, எனக்கே கேள்விக்குறி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுகிற பசைக்காரர், ‘ஐயா கல்யாணப் பத்திரிகையில சொந்தப் பேருக்குப் பக்கத்துலயே கேள்விக்குறி போட்டாராம்’ என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது ஒரு புதுக்கூத்து நடக்கிறது. பூவைப் படம் பிடித்துக் காட்டினால் ஃபோனே பெயர் சொல்லிவிடுமாம், எங்கள் தலைமை அதிகாரி அதைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருகிறார். சும்மா இருக்காமல் நீ அனுப்பிய பூப்படம் ஒன்றை அவரிடம் காட்டினேன். நித்திய கல்யாணி என்று பட்டென்று பதில் வந்தது. அதை நீ ஏமாற்றிவிட்டாய். என்னிடம்தான் மாட்டிக்கொண்டாய்.

நீ குடித்தனம் போனபோது உன் அம்மா வாசல் செடியில் கிளை வெட்டி, வேர்விட வைத்து, சின்னத் தொட்டியில் கொடுத்தனுப்பினாளே, அந்தச் செடியைப் பற்றித்தான் சொல்கிறேன். ராசியான பெயர் என்பது அவள் நம்பிக்கை. நான் பெயரை என்றைக்கும் நம்பியதில்லை, இலையைத்தான் நம்புவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் செடியின் படம் உன்னிடமிருந்து வந்துவிடும். முன்பெல்லாம் தொட்டி, மண், தண்டு, பின்னால் துணி உலர்த்தும் பால்கனிக் கம்பி, மாப்பிள்ளையின் செருப்பு என்று எல்லாம் தெரியும். கொஞ்ச நாளாகப் பூ மட்டும்தான் வருகிறது. நேர் முன்னாலிருந்து எடுத்த பூ, முகத்தில் அடிக்கிற மாதிரி பெரிதாக. இலை இருக்கும் பக்கம் எப்போதும் ஒரு காப்பிக் கோப்பையோ துணியோ மறைத்துக்கொண்டிருக்கிறது. உன் அம்மா பூ எவ்வளவு அழகு என்று பூரித்துப்போகிறாள். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. வேறு யாராவது ஒளிக்க நினைத்தால் முகத்தை ஒளிப்பார்கள், வீட்டை ஒளிப்பார்கள். இலை தண்டோடு சேரும் கணுவைப் பார்த்து ஒளிக்க என் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஒரு கணுவில் இரண்டு இலை எதிரும் புதிருமாக இருந்தால் எதிரிலை என்றும், ஒன்று மாற்றி ஒன்று ஏறினால் மாற்றிலை என்றும் வேலிச் செடிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தவள் நீ.

உன் அம்மா பிறந்தநாளுக்கு வந்த படத்தில் சறுக்கிவிட்டாய். பூவும் உன் பாதி முகமும் இருந்தன, ஓரத்தில் ஒரு கிளை உன் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பழக்கதோஷத்தில் என் லென்ஸை எடுத்து ஃபோன் மேல் வைத்தேன், வெறும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, பிறகுதான் விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம் என்பது நினைவுக்கு வந்தது. மாற்றிலை. சந்தேகமே இல்லை, நல்ல மாற்றிலை. நித்திய கல்யாணியின் இலைக்கு விளிம்பு முழுசாக, வெட்டில்லாமல் இருக்கும், மேலே வழவழப்பு, நடுநரம்பு வெளிறித் தெரியும். இதற்கு விளிம்பெல்லாம் சின்னச் சின்னப் பல். அதன் பூவில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாகத் திருகியிருக்கும், திருகு இதழமைவு என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதில் அது இல்லை. போதாததற்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்த ஒரு பூவின் பின்னால் மெல்லிய வால் ஒன்று வளைந்து தொங்கியது. காசித்தும்பை வகை, பாப்பா. முன்னாலிருந்து பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள், நிறம்கூட அதே ரோஸ். தேடித்தான் வாங்கியிருக்கிறாய்.

எங்கள் தொழிலில் பெயர் தெரியாத செடியை இரண்டிரண்டாகக் கேட்டுத்தான் பிடிப்போம். இதுவா அதுவா, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிட வேண்டும். உன்னையும் அப்படித்தான் துரத்தினேன், கோபித்துக்கொள்ளாதே. பழைய செடி செத்துவிட்டதா, இல்லையா? செத்திருந்தால் நீ சொல்லியிருப்பாய், தொட்டி மீன் செத்ததற்கே அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஒப்பாரி வைத்தவள். சரி, சாகவில்லை. அப்படியானால் இது கூடுதலாக வாங்கியதா, அதற்குப் பதிலாக வாங்கியதா? கூடுதல் என்றால் புதுச் செடி என்று தம்பட்டம் அடித்திருப்பாய், கோப்பையை வைத்து மறைக்க மாட்டாய். மூன்றாவதாக வந்த கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் காசித்தும்பை கண்டபடி பூத்திருக்கிறது. அது அப்படிப் பூக்க நிழல் வேண்டும், கடும் வெயில் பட்டால் வதங்கிப்போகும். உன் பால்கனியிலோ பிளாஸ்டிக் வாளியே வெயிலில் வெடித்துப்போகிறது என்று நீயே குறைப்பட்டிருக்கிறாய். இந்தச் செடி அந்த வீட்டில் இல்லை. வெயில் எட்டிப் பார்க்காத ஏதோ ஓர் அறையில் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். என் சுபாவம் விடவில்லை. போன ஞாயிறு காலை, உன் அம்மா குளிக்கப் போன சமயம் பார்த்து மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்தேன். செடிக்கு எரு வைக்கிற பருவம், நினைவுபடுத்தலாம் என்று கூப்பிட்டேன் என்று ஒரு புளுகு. ‘அது பிரமாதமா இருக்கு மாமா, புதர் மாதிரி ஆயிடுச்சு, பால்கனில கால் வைக்க இடமில்ல’ என்றார். ஆக, செடி அவரிடம் இருக்கிறது. நீ எங்கே என்று கேட்டேன். எருவைப் பற்றியே மறுபடி ஏதோ கேட்டார். பிறகு, ‘அவ வேலைக்குப் போயிருக்கா மாமா’ என்றார். ஞாயிற்றுக்கிழமை! அந்த நேரத்தில்தான், இப்போதான் எழுந்தேன் அம்மா என்று எழுதி ஒரு பூவும் அனுப்பியிருந்தாய். பொய் சொல்வதென்றால் இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்ளக் கூடாதா? ஃபோனை வைக்கப் போகும்போது அவராகவே, ‘நான் தினமும் தண்ணி ஊத்துறேன் மாமா’ என்றார். நான் அதைக் கேட்கவேயில்லை. அந்தக் குரலில் ஒரு குற்றத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று தேடினேன், உண்மையைச் சொன்னால் கிடைக்கவில்லை, அழுதவர் குரல் மாதிரி இருந்தது. அதையும் நான் முழுசாக நம்பவில்லை. காய் காணப்படாத செடிக்கு, காய் காணப்படவில்லை என்றுதான் எழுதுவேன், கற்பனையாக ஒரு காயை வரைய மாட்டேன். உங்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதப்போவதில்லை.

ஆனால் ஒன்றே ஒன்றுக்கு உடனே பதில் வேண்டும். அவர் உன்மேல் கை வைத்தாரா? நீ இருக்கும் இடம் பத்திரமானதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்களா? எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. மாடி ஏறும்போது காரணமில்லாமல் நின்றுவிடுகிறேன், உன் அம்மா முழங்கால் வலி என்று நினைத்துத் தைலம் எடுத்து வருகிறாள். நீ ஏன் மறைத்தாய் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா உடனே, கல்யாணத்துக்கு முன்னாலேயே சொன்னேனே என்று ஆரம்பித்துவிடுவார் என்றுதானே? சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறு என்று இருக்கிறது, இருந்தாலும் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் உன் அம்மாவிடமிருந்து மறைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறந்தநாள் படத்தை அவள் பெரிதாக்கிப் பார்க்கக் கூடாது என்று ஃபோனை எங்கெங்கோ வைத்துவிட்டுத் தேடுவதுபோல் நடித்தேன். நேற்று சமையலறை அலமாரியின் பின்னால் தைலப் பாட்டிலைத் துழாவியபோது ஐந்தாறு கண்ணாடி ஜாடிகள் தென்பட்டன. தண்ணீரில் நித்திய கல்யாணிக் கிளைகள், அடிக்கணுவில் வெள்ளையாக வேர். தையல்காரர் பாவம், அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நல்லவேளையாக நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியாது. இது யாருக்கு என்று உன் அம்மாவிடம் கேட்டேன். ‘அவகிட்ட இருந்தத அங்கயே விட்டுட்டு வந்துட்டாளே’ என்றாள், காய் நறுக்குவதை நிறுத்தாமல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ‘என் பொறந்தநாள் படத்துல பின்னாடி ரூமுக்குள்ளயே கொடி கட்டியிருக்கா. அதுல அவ துணி மட்டும்தான் காயுது’ என்றாள். ஓடிப்போய் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது, பாப்பா. இலை விளிம்பில் இருக்கும் பல்லை எல்லாம் எண்ணிய நான் அந்தக் கொடியைப் பார்க்கவில்லை. நான் கத்துவேன் என்று அவள் என்னிடம் சொல்லவில்லையாம். நானோ அவள் அழுவாள் என்று சொல்லவில்லை. நான் கத்தவில்லை. அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு ஜாடிகளுக்குத் தண்ணீர் மாற்றினாள்.

சும்மா இருக்க முடியாமல், அந்த அறையில் வெயில் இல்லை, நித்திய கல்யாணி அங்கே பிழைக்காது என்று என் படிப்பைக் காட்டினேன். ‘அப்போ வெயில் வர்ற ரூமாப் பாத்துக்கட்டும்’ என்றாள் உன் அம்மா. பாப்பா இங்கேயே திரும்பி வரட்டும் என்று சொல்வாள் என நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வந்தால் உன் அறை இருக்கிறது, மெத்தையை நேற்றுதான் வெயிலில் போட்டோம். வராவிட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான்.

அதுவரை அந்தக் காசித்தும்பையைப் பட்டினி போடாதே, அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும், ஒரு நாள் விட்டாலும் துவண்டு தலையைத் தொங்கப்போட்டுவிடும், ஊற்றினால் எழுந்து நின்றுகொள்ளும். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் துணியை அறைக்குள் காயப்போட்டால் ஜன்னலைத் திறந்து வை, உனக்குச் சளி பிடிக்கும். இனிமேல் படம் அனுப்பினால் கணுவும் தெரிய எடு. எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு, நன்றாக இரு, தலை நிமிர்ந்து இரு.

வேர் பிடித்த கிளைகளை உன் அம்மா ஈரத்துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டாள். மேலே உன் பெயரை நான்தான் எழுதினேன், பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை. முகவரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஈரம் காய்வதற்குள் எழுது.

இப்படிக்கு,
உன் சந்தேகப் பிராணி அப்பா