மேடைக்கு முன் ஒரு முறுக்கு

அக்கா,

இன்று காலை கச்சேரிப் பையைத் திறந்தேன். ஆட்டையாம்பட்டி முறுக்கு வாசனை குப்பென்று வந்தது. நீங்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பாடுகிறவர்களுக்குத்தான் எத்தனை நம்பிக்கைகள்! நம் குழுவில் ஒருவர் கச்சேரியன்று தலைக்குக் குளிக்க மாட்டார். இன்னொருவர் மிளகு மெல்லாமல் மைக்கைத் தொட மாட்டார். எனக்கு மௌன விரதம். காலையில் மூடிய வாயை முதல் பாட்டுக்குத்தான் திறக்க வேண்டும்.

நீங்கள் விட்டால்தானே! மேடையேறப் போகும் நேரத்தில் என் காதோரம் வந்து நொறுக் நொறுக்கென்று முறுக்கைக் கடிப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, எண்ணெய்ங்க! தொண்டை கட்டிக்கும், துப்புங்க!"

"போ சாமி, இது உள்ள போனாத்தான் எனக்குப் பாட்டு வெளிய வரும்."

விரதம் போச்சே என்று நான் கத்தக் கத்த, நீங்கள் இன்னொன்றை எடுப்பீர்கள். அப்புறம் இருவரும் போய்ப் பாடுவோம். நன்றாகத்தான் பாடுவோம்.

நேற்று பரமத்தி வேலூர்த் திருவிழா. நீங்கள் போன பிறகு எனக்கு முதல் மேடை. நாம் சேர்ந்து பாடும் அம்மன் பாட்டை நான் தனியாகப் பாட வேண்டும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடத்தில் விரதம் முழுசாக நிறைவேறியது நேற்றுதான். மேடைக்குப் பின்னால் மெல்ல முனகிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பயந்துபோனேன் அக்கா.

அப்போதுதான் உங்கள் மகள் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள்.

"அம்மா ஊட்ல முறுக்கத் தொடவே மாட்டாங்க சித்தி, பல்லு வலிம்பாங்க. கச்சேரின்னா மட்டும் வாங்கிட்டுப் போவாங்க. அது ஏனுங்க?"

ஏன் அக்கா? என் வாயைத் திறக்க வைக்கத்தானா? இல்லை, உங்களுக்கும் அது நிஜமாகவே ஒரு நம்பிக்கையா? இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. இப்போது தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை உங்கள் மகளிடம் நீட்டி, கடி என்று சைகை காட்டினேன். கடித்தாள். அதே நொறுக்.

"எண்ணெய்டீ! துப்புடி!"

பாவம், அவள் திகைத்துப்போய் நின்றாள். என் குரல் தகரத் தடுப்பில் பட்டுக் கணீரென்று திரும்பி வந்தது. அதே குரலோடு ஓடிப்போய்ப் பாடினேன். உங்கள் வரிகளையும் சேர்த்து.

பையில் இன்னும் இரண்டு முறுக்கு மிச்சம். அடுத்த கச்சேரிக்குப் புதிதாக வாங்க வேண்டும். கடிக்க உங்கள் மகள் வருகிறாள். திட்ட நான் இருக்கிறேன்.