ஜூன் நாலுக்குள் ஒரு கியர்பாக்ஸ்

1956 மார்ச் 11, ஞாயிறு

இன்றோடு வண்டி முழுவதும் கழற்றியாயிற்று. மாட்டுக் கொட்டகையில் காலியாக இருந்த பாதியில் கோணியை விரித்து எஞ்சினை ஒரு பக்கமும் கியர்பாக்ஸை ஒரு பக்கமும் பரப்பி வைத்திருக்கிறோம். 1934-ம் வருஷத்து மோட்டார் சைக்கிள். வேலூரில் ஒரு டாக்டர் ஓட்டினார். அவர் காலமானபின் பன்னிரண்டு வருஷம் அதன்மேல் கோழிகள் குடியிருந்தன. சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப்போய், மூன்று மணி நேரம் மரக்கட்டையை வைத்து அடித்த பிறகுதான் அசைந்தது.

அடித்தவன் சேட்டு. அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ஞாயிறுதோறும் காலை பாசஞ்சரில் வந்து சாயங்கால வண்டியில் திரும்புகிறான். "எஞ்சின் பொழச்சிக்கும் சாமி. கியர்பாக்ஸ்தான் பல்லு இல்லாத கெழவன் மாதிரி கீது. ரெண்டு பேரிங், ஒரு ஷாஃப்ட் புச்சா வாங்கணும்" என்றான்.

எனக்கு இது பொழுதுபோக்கு என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். இங்கே உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி ஞானத்துக்குப் பள்ளிப்பட்டு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை உத்தியோகம் வந்திருக்கிறது. ஜூன் நாலாம் தேதி சேர வேண்டும். மே முப்பத்தொன்றுக்குள் சம்மதக் கடிதம் போக வேண்டும். காலையில் போக பஸ் இருக்கிறது. அங்கிருந்து திரும்பக் கடைசி பஸ் பள்ளி விடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. "ராத்திரி இந்த வீட்டுல வந்து படுக்கறதுன்னா போகட்டும், இல்லேன்னா வேண்டாம்" என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். மலைக்கோயில் மடைப்பள்ளிச் சமையல் காலையில் என் முறை, மாலையில் தம்பி குமாரு முறை; ஞாயிறு இரண்டு வேளையும் அவனே. ஆகவே சாயங்காலம் நான் வண்டியில் போய் அழைத்து வருவது என்று ஏற்பாடு. இருபத்தைந்து மைல்.

ஏற்பாடெல்லாம் சரி. வண்டிதான் கோணிமேல் கிடக்கிறது.

மார்ச் 12

நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. எலுமிச்சைத் தோல், புளி, சாம்பல், எதற்கும் மசியவில்லை. மடைப்பள்ளியில் பஞ்சாட்சரம் மாமா மூக்கைச் சுளித்து, "சர்க்கரைப் பொங்கல் கிரசின் வாசனை அடிக்கிறதே" என்றார். பொங்கலில் இல்லை, என்மேல்தான்.

மார்ச் 25, ஞாயிறு

மெட்ராஸிலிருந்து பார்சல் வந்தது. பேரிங் இரண்டு, ஷாஃப்ட் ஒன்று. எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தபோது கல்யாண வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. சேட்டு எல்லாவற்றையும் கிரசினில் கழுவி, லேசாக எண்ணெய் தடவித் தகரத் தட்டில் வரிசையாக வைத்தான். அடுத்த ஞாயிறு மாட்டலாம் என்றான்.

வழக்கம்போல ஸ்டேஷன் வரை கூடப் போய் வண்டி ஏற்றிவிட்டு, குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வீடு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 28

ஷாஃப்டில் செம்மண் பூசினாற்போல ஒரு படலம். விரலில் ஒட்டுகிறது. துரு! பங்குனி வெயிலில் துருவா? தூறல்கூட இல்லையே!

ஏப்ரல் 1, ஞாயிறு

"மழையில வெச்சியா சாமி?" என்று கேட்டான் சேட்டு. எங்கே மழை? கிணற்றில் கயிறு இன்னும் நாலு முழம் நீளம் வேண்டும் என்கிறாள் ஞானம். அவன் ஷாஃப்டை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இந்த முறை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்து, "ஒரு மாதிரி கரகரன்னுது" என்றான். இன்று முழுவதும் இதிலேயே போயிற்று. ஒன்றும் மாட்டவில்லை.

ஏப்ரல் 4

மறுபடியும் துரு. என்ன பாவம் செய்தேன்?

ஏப்ரல் 13

வருஷப் பிறப்பு. மலையில் நல்ல கூட்டம். மூன்று அண்டா பொங்கல் கிண்டியதில் தோள் கழன்றுவிட்டது. பஞ்சாங்கம் படித்தவர் இந்த வருஷம் வாகன யோகம் என்றார். சிரித்தால் வம்பு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 16

இரண்டு பேரிங்கும் போயிற்று. குண்டுகள் சுற்றவே மாட்டேன் என்கின்றன. மறுபடி மெட்ராஸுக்கு எழுத வேண்டும், மறுபடி இரண்டு வாரம்.

குமாரு சொன்னான்: "அண்ணா, பேரிங் எப்படி மூணு வாரத்துல துருப்பிடிக்கும்? அவன் புதுசை எடுத்துண்டு பழசை வெச்சுட்டுப் போயிருப்பான்." சீ என்று அடக்கினேன். ஆனால் படுத்தபின் அதுவேதான் மனதில் ஓடியது. ஷெட்டில் பழைய பேரிங் கிடைக்காதா என்ன? வாராவாரம் ஒரு பையோடு வருகிறான், ஒரு பையோடு போகிறான்.

ஏப்ரல் 22, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டது சரிதான். எனக்கே தெரியவில்லை.

"நல்லதை எடுத்துண்டு பழசை வெச்சுட்டியா சேட்டு?" இவ்வளவுதான் கேட்டேன். அவன் பையைக் கொட்டகை வாசலில் கவிழ்த்தான். ஸ்பேனர், சுத்தியல், அரம், ஒரு துண்டு, அவன் மனைவி பாஞ்சாலி கட்டிக் கொடுத்த சோற்றுத் தூக்கு. தூக்கையும் திறந்து காட்டினான். "பாத்துகினியா சாமி? கூலி கேட்டனா ஒன்ன? மிசின் மேல ஆச, அதான் வந்துகினு இருந்தேன்." எல்லாவற்றையும் திரும்பப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மா வாசலில் வைத்திருந்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

ஏப்ரல் 30

புதிய பேரிங்குகள் வந்து நாலு நாள் ஆகிறது. தட்டிலேயே இருக்கின்றன. ஒரு பொட்டுத் துரு இல்லை.

சேட்டு வராத வாரம் துருவும் வரவில்லை! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? குமாருவிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்றான். நான் நினைத்தது சரியாகப் போயிற்றே என்று சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

மே 6, ஞாயிறு

நானே கியர்பாக்ஸைப் பூட்டினேன். சேட்டு செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே, பெரிய வித்தையா என்று உட்கார்ந்தேன். காலையிலிருந்து பிற்பகல் வரை. பூட்டி முடித்துப் பார்த்தால் ஒரு வாஷர் மிச்சம். ஷாஃப்ட் சுற்றவில்லை. இரண்டு கியர் ஒரே சமயத்தில் விழுந்து கவ்விக்கொண்டிருக்கின்றன. மறுபடி கழற்றினேன். மறுபடி பூட்டினேன். இந்தத் தடவை வாஷர் மிச்சமில்லை, ஒரு ஸ்ப்ரிங் மிச்சம்.

ஸ்ப்ரிங்கை விட்டெறிந்தேன். அது வைக்கோலில் விழுந்தது. அதையும் நானே ஒரு மணி நேரம் தேடி எடுத்தேன். பாதியில் ஞானம் மோர் கொண்டுவந்தாள். "நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். உன்னால்தானே இத்தனையும் என்றேன். அவள் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

அப்படிச் சொன்ன நாக்கை என்ன செய்வது?

மே 13, ஞாயிறு

பஸ் கம்பெனி மெக்கானிக் தணிகாசலத்தைக் கெஞ்சிக் கூப்பிட்டுவந்தேன். நல்ல மனிதர். மறுபடி எல்லாவற்றையும் கழற்றிக் கழுவித் தட்டில் வைத்தார். பல்சக்கரம் ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேனாம். "பூட்டுனது யாரு?" என்று கேட்டார். ஒரு பையன் என்று சொல்லி வைத்தேன்.

மே 15

துரு. புது பேரிங்கில். துரு!

தணிகாசலம் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போனவர். அப்படியானால் சேட்டு—

மே 16

கத்தரி வெயில். உச்சிகால நைவேத்தியம் முடிந்து மலையிலிருந்து வந்ததும், சாப்பிடக்கூட உட்காராமல் சமையலறை வாசலில் நின்று கேட்டேன்: கொட்டகைக்குள் யார் வருகிறார்கள், யார் தொடுகிறார்கள்? அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான்தான் தொட்டேன். வெளியாள் வந்துட்டுப் போற ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்த இரும்பெல்லாத்துக்கும் ரெண்டு குடம் தண்ணி விடறேனே. கண்டவா தொட்டதை நீ மறுநாள் தொட்டுட்டு மலைக்குப் போறே. சாமி காரியம். நான் விடாம யார் விடுவா?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"இதை வேற சொல்லணுமா? பாத்திரம் அலம்பறதை உங்கிட்ட சொல்லிண்டா அலம்பறேன்?"

நான் சேட்டுவை ஸ்டேஷனில் விட்டுக் குளத்தில் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்து, விடிவதற்குள் வெக்கையில் கோணியும் காய்ந்திருக்கும். துரு பிடிக்கும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் எல்லாம் பித்தளையும் வெண்கலமும். இரும்பு என்று இருப்பது ஒரு தோசைக்கல். அதற்கும் எப்போதும் எண்ணெய்தான். அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அவன் போனதும் குளத்துக்கு ஓடினவன் நான்தானே?

ஞானத்தைக் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. "தெரியாம என்ன? நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தா கொல்லை வழியா வந்து, ஸ்நானம் பண்ணி, புடவை மாத்திண்டுதானே உள்ளே வரேன், ஒன்பது வருஷமா. உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் பேசாம இருக்கேள்னு நெனச்சேன்."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மே 20, ஞாயிறு

அரக்கோணம் போனேன். ரயில்வே லயன் வீடுகளில் சேட்டுவின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பதினோரு மணி ஆயிற்று. அவன் வாசலில் சைக்கிள் செயினைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் என்றதும் சிரித்தான், ரொம்ப நேரம் சிரித்தான்.

"எனுக்கு வெச்ச தம்ளர் எங்க இருக்குது, எப்பிடி கவுத்து வெக்கிறாங்க, எல்லாம் பாத்துகினுதான் இருந்தேன் சாமி. அதுக்கு நான் கோவிச்சிக்கல. ஆனா இரும்புக்குமா?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தம்மா தண்ணிதான் ஊத்துச்சி. நீதான் என்னத் திருடன்னு சொன்ன."

தப்பு, தப்பு என்று இரண்டு தடவை சொன்னேன். பாஞ்சாலி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து தயங்கி நின்றாள். வாங்கிக் குடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக ஒரு நிமிஷம் தோன்றியது. காபி குடிப்பதில் என்ன பெரிய காரியம்? வெட்கமாக இருந்தது.

வண்டியைப் பற்றிக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். பேரிங் வரணும், எஞ்சினுக்கு ரிங் வரணும், ஓட்டிப் பார்க்கணும். "ஜூன்ல ஆவாது சாமி. ஆடில பாரு." நீ வருவாயா என்று கேட்க தைரியம் வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

மே 27, ஞாயிறு

சேட்டு வரவில்லை.

மே 29

சாப்பாட்டுக்குப் பின் ஞானம் ஒரு கவரைக் கொடுத்தாள். "போஸ்ட் பண்ணிடுங்கோ." ஒட்டவில்லை. பிரித்துப் படித்தேன். குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு மேற்படி பதவியை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லாத முத்து முத்தான கையெழுத்து. எத்தனை தடவை எழுதிப் பார்த்து இதை எழுதினாளோ.

தபாலாபீஸ் வரை போனேன். பெட்டி முன்னால் நின்றேன். மூன்று மாதமாக நான் ரிப்பேர் செய்துகொண்டிருந்தது மோட்டார் சைக்கிளைத்தானா? அம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டாம், வண்டி ஓடிவிட்டால் பேசாமலே காரியம் நடந்துவிடும் என்றுதானே கோணியில் உட்கார்ந்திருந்தேன்! முப்பத்தாறு வயசுத் தடியன்.

கவரைப் போடவில்லை.

மே 30

அம்மாவிடம் சொன்னேன். "பள்ளிப்பட்டுல ஜாகை பாத்துண்டு நானும் அவளோட போறேன்."

"சாமிக்கு யார் பண்ணுவா?"

"காலை முறையையும் குமாருவே பாக்கட்டும். கிருத்திகைக்கெல்லாம் நான் வந்துடறேன்."

"பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து சாப்பிடப் போறியா?"

"கல்யாணச் சமையலுக்குக் கூப்பிட்டாப் போறேன். கூப்பிடலேன்னா உக்காந்து சாப்பிடறேன்."

என் குரலா என்று எனக்கே சந்தேகம். அம்மா சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து, "போறப்போ அந்த இரும்பையும் எடுத்துண்டு போ" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

சம்மதக் கடிதத்தை ஞானம் உடனே எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்தல். நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

ஜூன் 7, வியாழன், பள்ளிப்பட்டு

நெசவுத் தெருவில் இரண்டு அறை வீடு. விடிந்ததிலிருந்து நாலு பக்கமும் தறிச் சத்தம். எஞ்சினும் கியர்பாக்ஸும் நாலு கோணியில் பஸ் கூரைமேல் வந்து சேர்ந்து, இப்போது கொல்லையில் எண்ணெய்த் துணி போர்த்திக் கிடக்கின்றன. சேட்டுவுக்கு விலாசம் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இல்லை. அவசரமும் இல்லை.

நாலாவது நாளாக இன்று காலை ஒன்பதேகாலுக்கு ஞானம் பள்ளிக்கூடம் போனாள். எலுமிச்சை சாதம் கலந்து டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் தெருவாசல் வழியாக வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு கரும்பலகை. எல்லாம் சொல்லி முடித்தபின், "சாதத்துல உப்பு ஜாஸ்தி" என்றாள்.

நைவேத்தியத்தை வாயில் வைத்துப் பார்த்துச் சமைக்கும் வழக்கம் மலையில் கிடையாது. கை அளவுதான். இருபது வருஷத்தில் உப்பு ஜாஸ்தி, குறைச்சல் என்று சாமி ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

"நாளைக்குக் கொறச்சுப் போடறேன்" என்றேன்.