பள்ளிக்கூடத்துப் பெரட்டு

1955 ஜூன் 6

இங்கிலீஷ் பாடம் என்றாலே எனக்குத் தூக்கம் வரும். இன்று வியர்த்துக் கொட்டியது! புதிதாக வந்திருக்கும் சிவகாமசுந்தரி டீச்சர் புத்தகத்தை மூடச் சொன்னார். ஆளுக்கு ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார். ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் சொல். அவர் கை தட்டியதும் ஓடிப்போய்ச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் வாக்கியமாக நிற்க வேண்டும். இடம் மாறி நின்றால் மறுபடியும் முதலிலிருந்து.

எனக்குச் சொல்லே இல்லை. வெறும் கறுப்புப் புள்ளி, முற்றுப்புள்ளியாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் குனிந்து, "நாகலெட்சுமி, நீ கால ஓங்கி மிதிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கலையக்கூடாது" என்றார். அப்படியா சங்கதி! வரிசையின் கடைசியில் நின்று ஒரு மிதி மிதித்தேன் பார், பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்த்தது.

மூக்கன்தான் காற்புள்ளி. பாதி உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டு எழ வேண்டும். உட்கார்ந்தவன் அப்படியே மல்லாந்துவிட்டான்.

ஜூன் 7

இன்றும் ஆடினோம். கால் வீங்கியிருக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 14

ஓடி வந்து நின்ற காளியாயி, "டீச்சர், இது பெரட்டு மாதிரியே இருக்குங்க!" என்றாள். விடிகாலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிறார்களே, அந்தப் பெரட்டு. அவள் அம்மாவும் அப்பாவும் அதில் தினமும் நிற்கிறவர்கள். அதை நடத்துகிற பெரிய கங்காணி சோலைமலை என் அப்பா.

உடனே எனக்கு ஒரு யோசனை. வாக்கியத்தில் முதலில் நிற்கிற சொல்லுக்குப் பெரிய எழுத்து வேண்டும் இல்லையா? பெரட்டில் பெரியவர் யார்? தலைப்பா கட்டியவர்! முதல் சொல்லுக்குத் தலைப்பா கட்டினால் என்ன? டீச்சரே கை தட்டினார். தலைப்பாவுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் இல்லாத தலைப்பாவா!

ஜூன் 15

தோட்டத்தை நிர்வகிக்கிற துரை வரும் நாளில் மட்டும் அப்பா கட்டுகிற சரிகைத் தலைப்பாவையும், கம்பி ஒடிந்த பழைய குடை ஒன்றையும் எடுத்துப் போனேன். கேட்டால் தரமாட்டார். அதனால் கேட்கவில்லை.

குடை எனக்கு. மடக்கி நிறுத்தி, வளைந்த பிடியை உயர்த்தி மிதித்தால் கேள்விக்குறி! இதுவும் என் யோசனைதான். நான் கெட்டிக்காரி என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

"யூ ஆர் ரெடி." தலைப்பா, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிளாக்கரின் மகன் முத்துலிங்கத்தின் தலையில். கேள்வியாக மாற்றுங்கள் என்றதும் 'ஆர்' அட்டை போட்ட காளியாயி அவனைத் தாண்டி முன்னால் வந்துவிட்டாள். தலைப்பா இனி அவளுக்கு. அவன் தரமாட்டேன் என்று தலையைப் பிடித்துக்கொண்டான். விடுவாளா? பிடுங்கிக் கட்டிக்கொண்டாள்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஜூலை 1

நாளை பெற்றோர் தினம். துரை வருகிறார். எங்கள் ஆட்டமும் உண்டு. சரிகைத் தலைப்பா இன்னும் டீச்சர் மேசையில்தான் இருக்கிறது.

ஜூலை 2

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் அப்பா அலமாரியைக் குடைந்துவிட்டு, சாதாரணத் தலைப்பாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முத்துலிங்கத்தின் தலையில் தன் சரிகையைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பிறகு கேள்வி வந்தது. தலைப்பா காளியாயிக்குப் போனது. கூட்டத்தில் யாரோ, "பாத்தியா, கங்காணி வேல காளியாயிக்குப் போயிருச்சு!" என்று கத்தினார்கள். கூட்டமே சிரித்தது. அப்பா எழுந்து போய்விட்டார்.

தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் வந்ததிலிருந்து பெரட்டில் அவர் பேச்சை யாரும் முன்போலக் கேட்பதில்லை. அந்தப் புண்ணில் போய்க் கைவைத்துவிட்டோம்.

வீட்டில் சொன்னது இவ்வளவுதான்: "படிச்சது போதும். இனி பள்ளிக்கூடம் கெடையாது."

எப்படிப்பா? எப்படி இப்படிச் சொல்ல முடியுது? வெளையாட்டுதானே... நான் போகணும். எனக்குப் போகணும்.

ஜூலை 4

அம்மா பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

ஜூலை 6

எங்கள் வீட்டு வாசலுக்குப் பள்ளிக்கூடச் சத்தம் கேட்கும். டீச்சர் கை தட்டினார். பிள்ளைகள் ஓடினார்கள். அப்புறம் மிதிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. என் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லையா?

ஜூலை 8

தலைப்பாவை வாங்கிவர அப்பாவே பள்ளிக்கூடம் போனார். கொஞ்ச நேரத்தில் காளியாயி மழையில் தெப்பமாக நனைந்து எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடி வந்தாள். மூச்சு வாங்க அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒங்கப்பா வர்றப்ப நாங்க வரிசையில நிக்கிறோம். தலப்பா ஏந் தலையில! செத்தேன்னு நெனச்சேன்டி. 'ஏன் எல்லாம் செலயா நிக்கிறீங்க, கலைங்க'ன்னாரு. டீச்சரு, 'முடிக்காமக் கலையக்கூடாதுங்க ஐயா, முடிக்கிற புள்ள வீட்ல இருக்கு'ன்னாங்க. கடைசியில ஒன் எடம் காலியா இருந்துச்சு. அதையே பாத்தாரு. 'அட்டையில என்ன எழுதியிருக்கு?'ன்னாரு. 'நாகலெட்சுமி வருவாளா'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்குங்க, நாந்தாங்க எழுதுனேன்னேன். நடந்து போயி ஒன் எடத்துல நின்னாரு. கையில இருந்த குடைய ஓங்கி ஊணி, 'வருவா! போங்க எல்லாரும்!'ன்னாரு. பெரட்டுல போடுற அதே கொரல்! ஒருத்தரும் எதுத்துப் பேசலடி, சிட்டாப் பறந்துட்டோம்."

"தலைப்பா?" என்றேன்.

"வாங்காமலே போயிட்டாரு."

கொல்லையில் மழையிலேயே நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். அம்மா கத்தியது காதில் விழவே இல்லை.

ஜூலை 11

போனேன். மிதித்தேன். மூக்கன் பயந்து மறுபடியும் மல்லாந்தான்.

திரும்பி வந்தபோது அப்பா கண்ணாடி முன்னால் நின்று புதுச் சரிகைத் தலைப்பா கட்டிக்கொண்டிருந்தார். பூண்டுலோயா டவுன் கடையில் வாங்கினாராம். பழையது டீச்சர் மேசையில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவரட்டுமா என்று பயந்து பயந்து கேட்டேன்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இது எம் பெரட்டுக்கு. அது ஒங்க பெரட்டுக்கு. அங்கேயே கெடக்கட்டும்."