பின்சீட் இல்லாத ஜீப்

ஒக்டோபர் 7, செவ்வாய்

வெள்ளவத்தையில் இன்று பொலிஸ் மறித்தது. நான் தினமும் ரோல்ஸ் கொடுக்கும் நிஹ்லாவின் கடைக்குக் கிட்டத்தில், காலி வீதியில். ஜீப்பின் பின்சீட்டில் நான் செய்த ரோல்ஸ் ட்ரேக்கள், கீழே பெட்டிஸ். பொலிஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மே ப்ரைவட் வாகனயக் நே, மிஸ்?" என்றார், தனியார் வாகனம்தானே என்று சிங்களத்தில். பிரைவட்தான். என்ன சொல்வது? வீட்டு விசேஷம் என்று வாயில் வந்துவிட்டது. தினமும் விசேஷமா என்று சிரித்தார். போன கிழமையும் என்னைக் கண்டிருக்கிறார் போல. இம்முறை விடுகிறேன், வியாபாரத்துக்கு ஓட்டுவதென்றால் வாகனத்தின் வகுப்பை மாற்றி அதற்குரிய வரியைக் கட்டுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

நிஹ்லாவிடம் மறைக்க முடியவில்லை. "ஜனவரியில ரெண்டாவது கடை தொறக்கிறன் யூஜினா. ரெண்டுக்கும் நீங்கதான். ஆனா வண்டி கரெக்டா ஈக்கணும். வழியில புடிச்சா காலைல வாற ஆக்களுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

அவள் கேட்பது நியாயம்.

ஒக்டோபர் 9

என் கணவர் மெல்ரோய் துறைமுகத்தில் யாரிடமோ விசாரித்து வந்தார். சாமான் வண்டியாக மாற்ற வேண்டுமென்றால் பின்சீட் இருக்கக் கூடாதாம். கழற்றி, அந்த இடத்தை அடைத்து, முன்சீட்டுக்குப் பின்னால் கம்பி வலை போட வேண்டும். பிறகு நிறை பார்ப்பார்கள், சோதிப்பார்கள். எல்லாம் செய்யலாம். ஆனால் வண்டியின் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும்.

சொந்தக்காரர் என் அப்பா, டடா. சாவியைத் தந்து மூன்று வருஷம். பெயரை மாற்றித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

விட்டு வந்த ஒபிஸ் வேலைக்குத் திரும்பவும் முடியாது. என் கதிரையில் இப்போது வேறொரு பிள்ளை இருக்கிறாள். சமையலறையில் இரண்டு பெரிய ஃப்ரீசர் வாங்கி வைத்துக்கொண்டு இனி எங்கே திரும்புவது?

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து நேரே வத்தளைக்குப் போனேன். டடா முற்றத்தில் குரோட்டன் வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்கவேயில்லை.

"லொறி ஆக்கப் போறியா?"

"லொறி இல்ல டடா. பேப்பர்ல மட்டும்தான்—"

"சீட்டக் கழட்டினா லொறிதான்."

பிறகு சொன்னார். "மகள், நான் ஆயுள் முழுக்க மற்றவங்கட சாமான் ஏத்தினனான். கொண்டெய்னர், சீமெந்து, மா மூட்டை. இது ஒண்டிலதான் ஆக்கள ஏத்தினன். உன்ர மம்மியும் நீயும் பின்னால இருந்தீங்க. அத நான் கழட்டித் தரமாட்டன்."

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஒக்டோபர் 13

அவருக்கு அது மம்மி. எனக்கு அது வேலை. யார் சரி? ரெண்டு பேரும் சரியென்றால் என்ன செய்யிறது?

ஒக்டோபர் 21

செய்துவிட்டேன்.

மஹ்ரூப் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனேன். "வண்டி ஆர்ட பேர்ல ஈக்கிது தங்கச்சி?" என்றார். என்ர பேர்ல எண்டு சொன்னேன். அப்படியே, கண்ணைப் பார்த்து. "கழட்டினா திரும்பப் பூட்டேலா. ஓட்டையெல்லாம் வெல்ட் பண்ணிருவன். சரியா?" சரி என்றேன்.

முதலில் வண்டி தயாராகட்டும், பிறகு டடா மனம் மாறுவார் என்று நினைத்தேனா? இல்லை. திரும்பிப் போக வழி இல்லாமல் பண்ணினால் எனக்கும் பயம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். விடவில்லை. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்காதே என்றார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

சீட்டை வீட்டுக்குக் கொண்டு வந்து ஹோலில் போட்டிருக்கிறோம். மெல்ரோய் ஏசவில்லை. அதில் உட்கார்ந்து டீவி பார்க்கிறார். ஏசினால் நல்லாயிருக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தோர் தினம். ஒவ்வொரு வருஷமும் டடாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மாதம்பிட்டிய சேமக்காலைக்குப் போவோம். இந்த முறை ஜீப் கராஜில் என்று சொன்னேன். அவர் பஸ்ஸில் வந்தார், சேர்ட் முதுகெல்லாம் நனைந்து. மம்மியின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம். காற்றுக்கு அணைந்து அணைந்து போனது. எனக்கு ஜெபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். வேண்டாமென்று எப்படிச் சொல்வது? வந்தார். ஒழுங்கையில் ஜீப் நின்றது. ஹோலில் சீட் கிடந்தது.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். சீட்டின் தோலை ஒருதரம் தடவிப் பார்த்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"பஸ்ஸிலயே போறன்."

மெல்ரோய் பின்னால் ஓடினார். நான் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை?

நவம்பர் 11

டடா ஃபோன் எடுப்பதில்லை. நிஹ்லா எடுத்தாள், எதுவரை வந்தது என்று கேட்க. நடக்குது, நடக்குது என்றேன். எல்லாருக்கும் பொய். விடியற்காலையில் ட்ரேக்களை பெட்ஷீட்டால் மூடிக்கொண்டு கள்ளச் சாராயம் கடத்துகிறவள் மாதிரிப் போய் வருகிறேன்.

நவம்பர் 28, வெள்ளி

விடாத மழை. களனி கங்கை பெருகுகிறது என்று நியூஸில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பத்துத் தரம் அடித்த பிறகு டடா எடுத்தார். "முற்றத்துக்கு வந்திட்டுது. போயிடும். எண்பத்தொன்பதிலயும் வந்தது." வாங்கோ டடா என்றேன். "நான் ஒரு இடமும் வரல்ல." வைத்துவிட்டார்.

பிறகு லைன் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலையில் நானும் மெல்ரோயும் போனோம். மெயின் ரோட்டிலேயே கார்களையும் த்ரீவீல்களையும் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வண்டி உயரம் என்று விட்டார்கள். டடாவின் ஒழுங்கையில் தண்ணீர் ஜீப்பின் கதவு மட்டத்துக்கு நின்றது. அவர் பக்கத்து வீட்டு நாகமணி அக்காவின் மேல்மாடியில் இருந்தார். அந்த மாடியில் ஒழுங்கையின் பாதிச் சனம். நாகமணி அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து இன்னும் எழும்ப முடியாது, உட்காரவும் முடியாது.

டடா மேலேயிருந்து ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ரோயிடம், "மெத்தையோட தூக்குவம்" என்றார். அக்காவை மெத்தையோடு இறக்கி, பின்னால் நீட்டிப் படுக்க வைத்தோம். சுற்றிவர சனம் குந்தியது.

திரும்பும்போது தண்ணீர் இழுத்தது. வண்டி ஒருதரம் சரிந்தது. நான் ப்ரேக் பிடித்துவிட்டேன், பிடிக்கக் கூடாது. டடா இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து வந்து என் பக்கத்துக் கதவில் தட்டினார்.

"தள்ளு. அங்கால போ."

தள்ளினேன். அவர் ஏறினார். முதலாவது கியரில், ஒரே வேகத்தில், நிற்காமல், யாரோடும் பேசாமல். கோயில் மண்டபம் வரை. இறக்கிவிட்டுத் திரும்பப் போனார். பிறகும் போனார். கடைசித் தடவை இரண்டு நாயும் ஒரு தையல் மெஷினும் வந்தன.

அவருடைய சொந்த வீட்டுக்குள் போய் எதையும் எடுக்கவில்லை.

டிசம்பர் 4

தண்ணீர் வடிந்தது. வீட்டைப் பார்க்கப் போனோம். பின்சுவர் சாய்ந்திருக்கிறது. சேறு ஜன்னல் வரை. மம்மியின் அலுமாரி உப்பித் திறக்க முடியவில்லை. டடா குரோட்டன் இருந்த இடத்தைப் பார்த்தார். "சரி, போவம்" என்றார்.

இப்போது எங்கள் ஹோலில் படுக்கிறார்.

டிசம்பர் 8

காலையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வண்டி மாத்திற அந்த ஒபிசுக்கு எப்ப போகோணும்?" என்றார்.

பிறகு பாப்பம் டடா என்று எழும்பிவிட்டேன்.

மெல்ரோய்: "நீ கேட்டதுதானே? இப்ப ஏன் முகத்த இப்படி வச்சிருக்கிற?"

இப்படிக் கேட்கவில்லையே நான். வீடு இல்லாத மனுசன் மகள் வீட்டில சாப்பிட்டுக்கொண்டு கையெழுத்து வைக்கிறது சம்மதமா? தோத்துப் போனது தானே அது. நான் ஜெயிக்கவும் இல்ல, ஆறு ஜெயிச்சுத் தந்திருக்கு. எனக்கு வேணாம்.

டிசம்பர் 9

வேணும்.

டிசம்பர் 14, ஞாயிறு

கேட்டுவிட்டேன். பூசை முடிந்து நடந்து வரும்போது. "வீடு போனதாலயா டடா ஓமெண்டு சொல்றீங்க?"

மறுப்பார் என்று நினைத்தேன். "ஓம்" என்றார். "வீடு இருந்தா கையெழுத்து வைக்கமாட்டன்."

கொஞ்சத் தூரம் நடந்தோம்.

"என்னட்டக் கேக்காமக் கழட்டினதுக்கு இன்னும் கோவம் இருக்கு. அது வேற. இப்ப நானும் உன்ர ரோல்ஸ்லதானே சாப்பிடுறன். பொலிஸ் புடிச்சா எனக்கும் சாப்பாடு இல்ல." பிறகு, "மன்னிப்புக் கேள் மகள். சும்மா சுத்திக்கொண்டு திரியாத."

ரோட்டில் வைத்தே கேட்டேன். மீன்காரர் திரும்பிப் பார்த்தார்.

டிசம்பர் 22

டடாவுடன் மோட்டார் வாகன ஒபிசுக்குப் போனோம். ஜீப்பை நிறை பார்த்தோம். சோதித்தவர் சிங்களத்தில் கேட்க, டடா என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார். சீட் எங்கே என்று சோதித்தவர் கேட்டார். மகளின் ஹோலில், நான் அதில்தான் தூங்குகிறேன் என்றார் டடா. அந்த மனுசன் சிரித்துவிட்டார். ஆனால் கம்பி வலை போதாதாம், இன்னும் உறுதியாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

வரும் வழியெல்லாம் டடா மஹ்ரூப் நானாவின் வெல்டிங்கைத் திட்டினார்.

ஜனவரி 8

முடிந்தது. சாமான் வண்டி. என் பெயருக்கும் மாறுகிறது, அதை அவராகவே சொன்னார்.

சந்தோஷமா? தெரியவில்லை. இரவு எழுந்து ஃப்ரீசர் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன், சும்மா.

ஜனவரி 12, திங்கள்

நிஹ்லாவின் புதுக் கடைக்கு முதல் நாள். இனி வண்டியில் இருவர்தான் இருக்கலாம். மெல்ரோய் பஸ்ஸில் வேலைக்குப் போனார். ட்ரேக்களை ஏற்றிவிட்டுப் பார்த்தால் டடா முன்சீட்டில் இருக்கிறார். களிசான் போட்டு, தலை வாரி.

"சாவியத் தா. நான் எடுக்கிறன்."

"நான் ஓட்டுறன் டடா."

என்னைப் பார்த்தார். நான் ஸ்டார்ட் பண்ணினேன்.

வெள்ளவத்தையில் அதே பொலிஸ்காரர் மறித்தார். வண்டியின் புது வரி லைசன்ஸைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். பின்னால் பஸ் ஹோன் அடித்தது. பின்னால் ட்ரேக்கள் மறைத்தன, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

டடா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இடப் பக்கம் நான் பாக்கிறன். நீ ரோட்டப் பார். ம்... வரலாம்."