ஒரு சாண் அதிகம்

மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவளுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை, மேடையில் பரிசோடு நிற்கிற படத்தை உன் அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள், முகம் நன்றாக ஊதியிருக்கிறது. நாலு தடவை போன் செய்தாய். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது.

உன் ஆராய்ச்சியைப் படித்தேன். பருவநிலை மாற்றமும் தாழ்வான தெருக்களும் பற்றி உங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதியதில் அதுதான் முதலாவதாமே. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினாறு நாளில் முடித்தேன். ஆறாம் வகுப்போடு நின்று, பிரித்துப் பிரித்து மோட்டாரையும் படித்துப் படித்து ஆங்கிலத்தையும் தானாகக் கற்றுக்கொண்டவனுக்கு அது போதுமான வேகம். முப்பத்தோராம் பக்கத்தில் நான் வருகிறேன், 'தகவலாளர் 17, குறைந்த கல்வியுள்ள பம்பு இயக்குபவர்' என்று. கடைசிப் பக்கத்தில் பேராசிரியருக்கு நன்றி, கேமரா கொடுத்த தோழிக்கு நன்றி, அவள் வீட்டுப் பூனைக்குக்கூட நன்றி. பதினேழாம் நம்பருக்கு இல்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுத நினைத்தேன், இந்த வயதில் இன்னொரு பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உன் ஆராய்ச்சியை ஏதோ ஒரு உதவி அமைப்பு நகராட்சிக்கு அனுப்ப, அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து நோட்டீஸ் அடித்து நாற்பத்திரண்டு வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள், நம் கதவிலும்தான். ஆண்டுக்குப் பதினோரு நாள் இங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறதாம், ஆகவே வசிக்கத் தகுதியில்லையாம், ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டு புறவழிச் சாலைக்கு அப்பால் கட்டியிருக்கிற அடுக்கு வீடுகளுக்குப் போகவேண்டுமாம். இஸ்திரி போடுகிற அக்காவிடம் போன வருடம் நீ கேள்வித்தாளோடு உட்கார்ந்து, பருவநிலை மாற்றத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாயே, அவள் "தண்ணி வந்தா கட்டில்ல ஏறுவேன், வடிஞ்சா எறங்குவேன், இதுக்கெல்லாம் பரீட்சையா பாப்பா" என்று சிரித்தாள். இப்போது அவள் சிரிப்பதில்லை. "அஞ்சாவது மாடிக்கு எவன் துணியத் தூக்கிட்டு வருவான், உம் பொண்ணு வருவாளா" என்று என்னைக் கேட்டாள். வரமாட்டாள் என்று சொன்னேன்.

பதினோரு நாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. போன விடுமுறையில் நாலு நாள் விடாமல் பம்பு அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய், பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நான் வால்வைத் திருகப் போன நேரமெல்லாம் என் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்திருக்கிறாய். அந்தப் பதிவேடுகளில் மழை நாளில் எழுதிய அளவெல்லாம் ஒரு சாண் அதிகம். பம்பு அறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருக்கிற சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தாண்டியது என்று எழுதினால்தான் தெருத் தண்ணீரை இறைக்கிற மோட்டாருக்கு அலுவலகத்திலிருந்து டீசல் வண்டி கிளம்பும், வந்து சேர மூன்று மணி நேரமாகும், அதற்குள் வீடுகள் நனைந்துவிடும். அதனால் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருக்கும்போதே தாண்டிவிட்டது என்று எழுதிவிடுவேன், ஒரு தடவை ஏற்றி எழுதினால் அதற்குப் பிறகு வருவதையும் ஏற்றித்தானே எழுதவேண்டும். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் எழுதினார். நீ முழங்கால் என்று எழுதிய பதினோரு நாளில் எட்டு நாள் வெறும் கெண்டைக்கால். நாற்பத்தொரு வீட்டில் கேள்வி கேட்டவள், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சென்ற வாரம் பள்ளிக்கூடக் கூடத்தில் விசாரணை வைத்தார்கள். நகராட்சி அதிகாரி உன் பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். எனக்குப் பின்னால் இருந்த சைக்கிள் கடைக்காரர் "மோட்டாரண்ணே, பொண்ணப் படிக்க வெச்சீங்க, எங்கள மூட்டை கட்ட வெச்சிட்டீங்களே" என்றார், எல்லோருக்கும் கேட்டது. நான் எழுந்து, அது என் கையெழுத்து, அது பொய் என்று சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு "பெரியவரே, பொண்ணோட படிப்பு போயிடும், யோசிச்சுப் பேசுங்க" என்றார். "யோசிச்சுத்தான் எழுதினேன், யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றேன். மறுபடி அளந்து பார்க்கும்வரை நோட்டீஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பம்பு அறைச் சாவியை என்னிடமிருந்து அன்று சாயங்காலமே வாங்கிக்கொண்டார்கள். புதிதாக வந்தவனுக்கு எந்த வால்வு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒரு சாண் குறைந்தாலும் முடிவு சரிதான், இருபது வருடத்தில் தண்ணீர் வரத்தான் போகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். மழை மாறிவிட்டது என்று எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம், ஒரு மாத மழை இரண்டு மணி நேரத்தில் கொட்டுவதைத் தனியாக நின்று இறைத்தவன் நான். வரட்டும். வருகிறபோது நாங்கள் போய்க்கொள்கிறோம், உன் பட்டத்துக்காக இப்போதே போகமாட்டோம். உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. "பெத்த பொண்ணுக்கே குழி வெட்டுறீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். துணிப்பையை எடுத்துக்கொண்டவள் முட்டிக்குப் போடுகிற மருந்தை மறந்துவிட்டாள், நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. நீ நூறு வயது இருக்கவேண்டும், இந்தத் தெரு என்ன ஆகிறது என்று உன் கண்ணால் பார்க்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இதைக் கொண்டுபோய் உன் பேராசிரியரிடம் நீயே சொல்லிவிடலாம் என்று அவசரப்படாதே. நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தையும் பதிவேட்டின் நகலையும் திங்கட்கிழமையே விரைவுத் தபாலில் அவருக்கு அனுப்பிவிட்டேன். முகவரி உன் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது. இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை சாதாரணத் தபாலில் போடுகிறேன்.

இப்படிக்கு,
தகவலாளர் 17